கோவையிலிருந்து டெல்லிக்குத் துப்பாக்கி: ரயிலா, விமானமா?

டெல்லிக்குச் சுடும் போட்டிக்குப் போகும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் விமானத்தைத்தான் சொல்வேன். கொங்கு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு. சீட்டுக்கடியில் சங்கிலி போட்டுப் பூட்டினாலும், பாத்ரூம் போகக்கூட ஆள் மாற்றி உட்கார வேண்டும், தூக்கம் வராது.

பீளமேடு விமான நிலையத்தில் அலைச்சல் ஆரம்பத்தோடு சரி. தோட்டா நீக்கிய துப்பாக்கியைக் கெட்டியான பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். தோட்டாக்கள் தனியாக, ஒருவருக்கு 5 கிலோவுக்குள். இரண்டு பேர் பங்கை ஒன்றாகக் கட்டக் கூடாது. செக்-இன் கவுண்டரில் நாமே சொல்லி லைசென்ஸைக் காட்ட வேண்டும். கைப்பையை முந்தின நாளே கவிழ்த்து உதறிப் பாருங்கள்: ஓரத்தில் ஒரு தோட்டா ஒட்டிக்கொண்டிருந்தாலும் போலீஸ் வரை போய்விடும்.

அப்புறம், எதில் போனாலும் லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டுமா, இந்தியா முழுக்கவா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.