கூடையா, தறியா, கொலுசா?

மே மாத விடுமுறையில் பத்து நாள் இருக்கிறது, ஏதாவது ஒரு கைத்தொழில் கற்றுக்கொள்ள வேண்டும், சேலத்திலேயே எது நல்லது என்று தங்கை கேட்டாள். இரண்டு வருடத்தில் மூன்றிடத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். ஏற்காட்டில் மூங்கில் கூடை, அம்மாப்பேட்டையில் கைத்தறி, சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசு. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பலரும் கட்டணம் எவ்வளவு, கடைசியில் வீட்டுக்கு என்ன எடுத்துப்போகலாம் என்று பார்த்துத்தான் சேருகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறொன்று. கற்றுக்கொள்கிறவர் கை தவறத்தான் செய்யும். தவறிய பிறகு அந்தப் பொருள் என்ன ஆகிறது? இந்த ஒரு கேள்வியிலேயே மூன்று தொழிலும் மூன்று விதமாகப் பிரிந்துவிடும்.

மூங்கிலில் இருந்து தொடங்குகிறேன். மலைமேல் நடந்த அரைநாள் பட்டறையில் பிளாச்சை, அதாவது மூங்கில் கீற்றுகளை, முன்னமே சீவி, நனைத்து, கட்டுக்கட்டாக வைத்திருந்தார்கள். பின்னுவது மட்டும்தான் நம் வேலை. மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு சின்னத் தட்டு தயார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டு மாதம் கழித்துத் தட்டைத் தூக்கினால் அடியில் வெள்ளை மாவு கொட்டிக் கிடந்தது, வண்டு உளுத்திருந்தது. மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துதான் வண்டுக்குத் தீனி. முற்றிய மூங்கிலாகப் பார்த்து வெட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்தால் அந்தச் சத்து குறையும். பட்டறையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம் கூடை முடைகிற ஒரு பாட்டியிடம் போய்த்தான் பிளக்கக் கற்றேன். கத்தி எப்போதும் மெலிந்த பக்கமாகவே ஓடும். ஓடினால் தடித்த பக்கத்தை அழுத்தி வளைக்க வேண்டும், பிளவு நடுவுக்குத் திரும்பிவிடும். தொழிலின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது, பின்னல் அதற்குப் பிறகுதான். இங்கே கை தவறினால் மீட்க வழியில்லை. கோணலாகப் பிளந்த மூங்கில் நேரே அடுப்புக்குத்தான். ஆனால் மூங்கில் விலை குறைவு என்பதால் பத்து பிளாச்சு வீணானாலும் மனம் தாங்கும்.

கொலுசு இதற்கு நேர் எதிர். வெள்ளி விற்கிற விலைக்குத் தொடவே பயமாக இருக்கும். ஆனால் வெள்ளியில் எதுவும் வீணாவதில்லை. வளையங்களை ஒட்டப் பற்றவைக்கும் பொடி வெள்ளிக்கு முன்னால் உருகும், வெள்ளி உருக ஏறக்குறைய 962 டிகிரி செல்சியஸ் வேண்டும். சுடரை ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றி ஊத வேண்டும். நான் நிறுத்திவிட்டேன். வளையம் சுருண்டு ஒரு மணியாகிவிட்டது. ஆசாரி அதை எடுத்து மூசையில், வெள்ளி உருக்கும் கிண்ணத்தில், போட்டார், அவ்வளவுதான். தரையைக் கூட்டிய மண்ணில்கூட வெள்ளியைக் கழுவி எடுத்துவிடுகிறார்கள்.

இருந்தாலும் தங்கைக்கு இதை நான் சிபாரிசு செய்யவில்லை. சிவதாபுரம், பனங்காடு பக்கம் கம்பி இழுப்பது ஒரு வீடு, வளையம் கோர்ப்பது ஒரு வீடு, மெருகு போடுவது இன்னொரு வீடு என்று வேலை பிரிந்து கிடக்கிறது. பத்து நாளில் ஒரு துண்டு வேலைதான் பிடிபடும். இன்னொன்று, பொடியில் காட்மியம் என்ற உலோகம் இருந்தால் அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். காட்மியம் இல்லாத பொடியா, காற்றோட்டம் இருக்கிறதா என்று கேட்காமல் யாரும் உட்கார வேண்டாம். சிறுபிள்ளைகளை அனுப்பவே வேண்டாம்.

தறிக்குத்தான் என் ஓட்டு. முதல் மூன்று நாள் தறியில் உட்காரவே விடமாட்டார்கள். ராட்டையில் தார் சுற்ற வேண்டும். தார் என்பது குறுக்கு நூல் சுற்றிய சின்னக் குழல், தறியில் நூலைக் குறுக்கே கொண்டு ஓடும் நாடாவுக்குள் வைப்பது. தளர்வாகச் சுற்றினால் நாடாவுக்குள் நூல் சிக்கும், இறுக்கினால் அறும். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் நூலின் இழுப்பு விரலுக்குப் புரிவது அந்த மூன்று நாளில்தான். நான்காம் நாள் மிதியில் கால் வைத்தேன். மாற்றி மிதித்ததை ஒரு அங்குலம் நெய்த பிறகுதான் கவனித்தேன். "பிரிச்சிரு கண்ணு" என்றார் எனக்குக் கற்றுக்கொடுத்த நெசவாளர் அக்கா. ஊடையை, அதாவது குறுக்கு நூலை, ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே பின்னால் போய், தவறிய இடத்தைத் தொட்டு, மறுபடி முன்னால் வந்தேன். ஒரு மணி நேரம் ஆனது. எங்கே தவறினேன் என்பதைத் திரும்ப நடந்துபோய்ப் பார்க்க வைக்கிற தொழில் இந்த மூன்றில் இது ஒன்றுதான்.

பாவு நூல், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் நூல், அறுந்தால் அதையும் பிணைத்துக்கொள்ளலாம். மே மாதச் சேலம் வெயிலில் நூல் காய்ந்து அடிக்கடி அறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தரையில் குழி வெட்டிப் போட்ட குழித்தறியில் நிலத்தின் ஈரம் பாவுக்குக் கொஞ்சம் துணை.

ஒரு விஷயத்தை மட்டும் சேருவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். தறியில் ஏறியிருக்கும் பாவு பெரும்பாலும் நெசவாளருடையது இல்லை, சங்கமோ முதலாளியோ கொடுத்தது. அதில் நாம் செய்யும் பழுது அவர் கூலியில் பிடித்தமாகப் போய் விழும். கற்றுக்கொள்ள என்று தனியாக ஒரு சிறு பருத்திப் பாவு போடச் சொல்லி, அதற்கும் அவருடைய நாள் கூலிக்கும் சேர்த்துப் பணம் கொடுங்கள். பட்டுப் பாவில் கை வைக்கவே வேண்டாம். முறையாகப் படித்து வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு 1960 முதல் இங்கேயே இருக்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் மூன்று வருட டிப்ளமோ உண்டு, அது தனிப் பாதை.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் ஏற்காட்டுக்கே போங்கள். ஆனால் சீவிய பிளாச்சைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு முழு மூங்கிலைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

தங்கை தறியைத்தான் எடுத்தாள். சின்னப் பாவுக்கு அக்காவிடம் சொல்லியாகிவிட்டது, வெள்ளை நூல், ஓரத்தில் மட்டும் சிவப்பு.