பாதஹோஸா, லெனின்கிராடா: போர்க்காலக் காதல் கதைக்கு எது களம்?

வரலாற்றுக் காதல் நாவல் என்றதும் பலருக்கும் லண்டன் மாளிகைகளின் நடன விருந்துகளும் சீதனக் கணக்குகளும் பட்டம் பெற்ற பிரபுக்களுமே நினைவுக்கு வருகின்றன. அக்கதைகள் பெரும்பாலும் நிகழும் 1811 முதல் 1820 வரையிலான காலத்தின் முற்பகுதியில் ஐரோப்பா நெப்போலியனின் போர்களில் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தப் போர் நாயகனின் சிவப்புச் சீருடையைத் தாண்டிக் கதைக்குள் வருவது அரிது. மாளிகையை விட்டு வெளியே வந்து எழுத விரும்புவோருக்கு நான் முன்வைப்பவை இரண்டு களங்கள்: 1812-இன் ஸ்பெயினில் பாதஹோஸ், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை முற்றுகையிட்ட சோவியத் நகரமான 1941-இன் லெனின்கிராட். இரண்டிலும் காதல் உண்மையாகவே நிகழ்ந்திருக்கிறது. ஆயினும் அந்தக் காதலை நமக்குச் சொன்னவர் யார் என்பதில் இவை அடியோடு வேறுபடுகின்றன.

பிரெஞ்சுப் படையின் வசமிருந்த பாதஹோஸ் கோட்டை நகரை ஆங்கிலேயத் தளபதி வெலிங்டனின் படை 1812 ஏப்ரல் 6 இரவில் தாக்கிக் கைப்பற்றியது. முற்றுகையில் ஏறக்குறைய 4,800 பேரைச் சாவுக்கும் காயத்துக்கும் கொடுத்திருந்த அந்தப் படை, ஸ்பெயினுக்குத் துணையாக வந்த படை என்பதையும் மறந்து, அடுத்த சில நாள்கள் நகரைச் சூறையாடியது. அந்த வெறியிலிருந்து தப்பி, அடைக்கலம் தேடி ஆங்கிலேயர் முகாமுக்கு இரு சகோதரிகள் வந்தார்கள். அவர்களுடைய காதணிகளைச் சிப்பாய்கள் பிடுங்கியிருந்ததால் காதுகள் கிழிந்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. இளையவளான ஹுவானாவுக்கு அப்போது வயது 14. சில நாள்களிலேயே 24 வயது அதிகாரி ஹாரி ஸ்மித் அவளை மணந்தார். அதன்பின் அவள் குதிரையேற்றம் கற்றுப் படையோடு மலைகளைக் கடந்தாள். 1815-இல் கணவர் வாட்டர்லூவில் இறந்துவிட்டார் என்ற தவறான செய்தி கேட்டு அவரைத் தேடிப் போர்க்களத்துக்கே போனாள். தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித் நகரம் அவள் பெயரால் அமைந்தது.

நாவலாசிரியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த முதல் சந்திப்பை நமக்குச் சொல்பவர்கள் இருவருமே படை அதிகாரிகள்: ஒருவர் அவளை மணந்த ஸ்மித், மற்றவர் தாமும் அவளை விரும்பியதாக எழுதிய, ஸ்மித்தின் நண்பர் கின்கெய்ட். வீடும் ஊரும் அழிந்த நிலையில், பாதுகாப்புக்கு வேறு போக்கிடமற்ற ஒரு சிறுமி சொன்ன சம்மதத்தைக் காதல் என்று எழுதுபவர், அந்தச் சம்மதத்தின் எடையை முதலில் நிறுத்துப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் குதிரைச் சவாரியையும் சாகசத்தையும் மட்டும் எடுத்துக்கொள்வது அவளுக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

லெனின்கிராடில் நிலைமை வேறு. 872 நாள்கள் நீடித்த முற்றுகையின் முதல் குளிர்காலத்தில், 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை, தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 250 கிராம் ரொட்டி. மற்றவர்களுக்கு 125 கிராம். அந்த ரொட்டியிலும் மரக்கூழும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் கலந்திருந்தன. வானொலியில் நிகழ்ச்சி இல்லாத நேரங்களில், சீரான இடைவெளியில் டிக்டிக் என ஒலியெழுப்பும் தாளக் கருவியான மெட்ரோனோம் ஒலிக்கும். தாளம் மெதுவாக இருந்தால் ஆபத்தில்லை, விரைந்தால் விமானத் தாக்குதல். அந்த வானொலி நிலையத்தில் பணியாற்றிய கவிஞர் ஓல்கா பெர்கோல்ட்ஸ், 1942 ஜனவரியில் கணவர் நிக்கோலாய் மொல்சானோவைப் பசிக்குப் பறிகொடுத்தார். கணவர் உயிரோடிருந்தபோதே உடன் பணியாற்றிய மகோகோனென்கோவிடம் மனம் சாய்ந்ததையும், அந்தக் குற்ற உணர்வையும் அவர் தம் நாட்குறிப்பில் மறைக்கவில்லை; பின்னர் அவரையே மணந்தார். வெளியே ஜெர்மானியப் படை சூழ்ந்திருக்க, உள்ளே அரசும் அவர் குடும்பத்தைச் சந்தேகித்தது: 1938-இல் கர்ப்பிணியாகச் சிறை சென்று குழந்தையை இழந்தவர் அவர், முற்றுகையின்போதே மருத்துவரான அவர் தந்தை நகரிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

இங்கே காதலும் துரோகமும் துக்கமும் ஒரே பெண்ணின் கையெழுத்தில் கிடைக்கின்றன. இந்த ஒன்றுக்காகவே என் தேர்வு லெனின்கிராட். ஆனால் எழுதுபவருக்குக் கடினமான களமும் இதுதான். பட்டினி உடலின் வேட்கையையே அணைத்துவிடும். 125 கிராம் ரொட்டியில் உயிர் வாழும் இருவரை மோகத்தில் தழுவவிடும் காட்சி பொய்யாகிவிடும். நேவா நதியின் பனித்துளையில் வாளி நீர் மொண்டு, அதைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்து, மாடிப்படி ஏற்றி ஒருவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதே அங்கே காதல் காட்சி.

மூன்றாவதாக, இத்தாலியப் படையின் பிடியிலிருந்து 1943 செப்டம்பரில் ஜெர்மானியர் கைக்குப் போன கிரேக்கத் தீவு கெஃபலோனியாவையும் சிலர் சொல்வதுண்டு. சரணடைந்த இத்தாலிய வீரர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்ட அந்தத் தீவின் சோகம் பெரிது. எனினும் ஆக்கிரமித்தவனுக்கும் ஆக்கிரமிக்கப்பட்ட பெண்ணுக்கும் இடையிலான காதல் என்று எழுதப் புகுந்தால், பாதஹோஸில் எழுந்த அதே கேள்வி இங்கும் திரும்பி வரும்.

பாதஹோஸைத்தான் எழுதுவேன் என்று உறுதியாக இருப்பவர், கதையை மூத்த சகோதரியின் கண்வழியே தொடங்கிப் பார்க்கலாம். தங்கையின் கையைப் பிடித்து அந்த முகாமுக்கு நடந்தவள் அவள். அவள் காதுகளும் கிழிந்திருந்தன.