குளுகோர் வீட்டின் சமையலறையும் குளியலறையும்: 2019-இல் செய்தது இன்று எப்படி இருக்கிறது

வீட்டைப் புதுப்பிக்கப் பணம் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கேபினெட் கதவின் நிறத்தில் இருந்து தொடங்காதீர்கள். சுவருக்குள் போகும் குழாய், வயர், டைலுக்கு அடியில் பூசும் நீர்த்தடுப்பு, புகை வெளியேறும் வழி ஆகியவற்றுக்குப் பணத்தை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் அழகைப் பாருங்கள். மேல் கேபினெட்டை அடுத்த வருட போனஸில்கூடப் போட்டுக்கொள்ளலாம். டைல் ஒட்டி முடித்த சுவரை மறுபடியும் உடைக்க யாருக்கும் மனம் வராது.

எங்களுடையது பினாங்குத் தீவின் குளுகோரில் 1980களில் கட்டிய இரண்டு மாடித் தெரஸ் வீடு. நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அத்தை என்று ஐந்து பேர். 2019-இல் பின்பக்கச் சமையலறையையும், கீழும் மேலும் இருக்கும் இரண்டு குளியலறைகளையும் ஒரே மூச்சில் செய்தோம். அடுத்த ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி கொவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. மூன்று வேளைச் சமையல், நாள் முழுக்க ஆள் நடமாட்டம், எல்லாருக்கும் வீட்டிலேயே குளியல். புதுச் சமையலறைக்கு அதைவிடக் கடுமையான சோதனை கிடையாது.

இந்தச் சமையலறையில் எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு ஆன செலவு மிகக் குறைவு. பின்சுவர் ஓரமாக முழங்கால் உயரத்தில் டைல் பதித்த ஒரு மேடை. அதை ஒட்டித் தரையைக் கொஞ்சம் இறக்கி, ஒரு குழாயும் வடிகாலும் வைத்தோம். கிரைண்டர் அந்த மேடையிலேயே நிற்கிறது. தூக்கி இறக்கும் வேலை இல்லை. மாவை வழித்தவுடன் கல்லை அங்கேயே கழுவிவிடலாம். கெம்போங் மீன் ஆய்வது, கீரைக்கட்டை அலசுவது, பொங்கலுக்குப் பெரிய பானையைத் தேய்ப்பது, தீபாவளிக்கு முறுக்கு சுட்ட குவாளியை (வாணலியை) ஊறப் போடுவது எல்லாம் அங்கேதான். இதைச் சொன்னபோது காண்ட்ராக்டர் தம்பி, "அக்கா, இப்ப யாரு லா கீழ உட்கார்ந்து கழுவுறா?" என்று கேட்டார். "எங்க வீட்ல கழுவுறாங்க தம்பி, போட்டுக் கொடுங்க" என்றேன். அத்தை மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்தால் அரைமணி நேரத்தில் ஒரு வேலையை முடித்துவிடுவார். கடையில் காட்டும் மாதிரிச் சமையலறைகளில் இப்படி ஓர் இடத்தை நான் பார்த்ததே இல்லை. நம் சமையலில் தண்ணீர் புழங்கும் அளவு அந்தப் படங்களை வரைகிறவர்களுக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. வடிகால் இருக்கும் பக்கத்தில் கேஸ் தோங்கை (சிலிண்டரை) வைக்கக் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்திலும் வடிகாலிலும் போய்த் தங்கும். எங்கள் 14 கிலோ தோங் சுவருக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்கிறது. ஹோஸும் ரெகுலேட்டரும் சிரிம் என்ற மலேசியத் தரச்சான்று முத்திரை உள்ளவை. அடுப்புக்குக் கீழே கதவு போட்ட கேபினெட்டுக்குள் தோங்கை மறைத்து வைப்பது பார்வைக்குச் சுத்தமாக இருக்கலாம். அதை நான் எந்த வீட்டுக்கும் சொல்ல மாட்டேன்.

அடுத்தது புகை. அடுப்புக்கு மேலே புகையை உறிஞ்சும் ஹூட் வாங்கப் போனால் மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றை இழுக்கும் என்ற எண்ணைத்தான் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எண் ஓரளவுக்குத்தான் உதவும். குழாய் எவ்வளவு அகலம், எத்தனை வளைவு, வெளிச்சுவர் எவ்வளவு தூரம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதனால் நாங்கள் அடுப்பையே வெளிச்சுவருக்கு நகர்த்தினோம். ஹூட்டில் இருந்து 150 மில்லிமீட்டர் குழாய், ஒரே ஒரு வளைவோடு நேராக வெளியே போகிறது. காய்ந்த மிளகாய் தாளித்தாலும் கூடத்தில் யாரும் இருமுவதில்லை. கரி வடிகட்டி போட்டுக் காற்றை வீட்டுக்குள்ளேயே திருப்பிவிடும் வகையும் உண்டு. அடுக்குமாடியில் வேறு வழி இல்லாதவர்களுக்கு அது சரி. ஆனால் சம்பால் வதக்கும்போது கிளம்பும் நெடிக்கு அது ஈடுகொடுக்காது. இன்னொன்று, ஹூட் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடான காற்று உள்ளே வந்தாக வேண்டும். எதிர்ப்பக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துப் பாருங்கள், அதே ஹூட் நன்றாக இழுக்கும்.

மஞ்சள் கறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சமையல் மேடைக்குக் கறுப்புக் கிரானைட் போட்டோம். இத்தனை ஆண்டுகளில் மஞ்சள், புளி, எண்ணெய் எதுவும் அதில் தங்கவில்லை. சுங்கை ஆராவில் இருக்கும் உறவினர் வீட்டில் வெள்ளை சாலிட் சர்ஃபேஸ் போட்டார்கள். அடுப்புப் பக்கம் இப்போது இளமஞ்சளாகிவிட்டது. அது ரெசின் (செயற்கைப் பிசின்) கலந்து செய்த பொருள், மஞ்சளின் நிறம் அதில் ஊறிவிடும். குவார்ட்ஸ் அதைவிட உறுதியானது என்றாலும் அதிலும் ரெசின் உண்டு. அடுப்பில் இருந்து இறக்கிய குவாளியை நேராக வைத்தால் ரெசின் கருகித் தழும்பு விழும். வெள்ளைதான் வேண்டும் என்பவர்கள் அதை அடுப்புக்குத் தள்ளி, காபி கலக்கும் மேடைக்கு வைத்துக்கொள்ளலாம். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும் என்பது நல்ல விஷயம். எங்கள் ஜன்னலோர டைல் இடுக்குகளில் படும் கறை சில நாளில் தானாகவே மங்கிவிடுகிறது. வெயில் படாத அடுப்புச் சுவரில் டைல் இடுக்கை நிரப்பச் சிமெண்டுக்குப் பதில் எபோக்சி கிரவுட் என்ற பிசின் கலவை போடச் சொன்னேன். கூலியும் பொருளும் கூடுதல்தான். ஆனாலும் அந்தக் கோடுகள் இன்னும் போட்ட நிறத்திலேயே இருக்கின்றன.

கீழ் கேபினெட்டுகள் கான்கிரீட் பலகைமேல் டைல், அலுமினியக் கதவு. கரையான் கிட்டே வராது, தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். மேலே உள்ளவை பிளைவுட். அவையும் நன்றாகத்தான் இருக்கின்றன. சிங்க் பக்கத்து இரண்டு கதவுகளின் கீல்கள் மட்டும் துருப்பிடித்துவிட்டன. சாதாரண இரும்புக் கீலுக்கு முலாம் பூசியிருந்தார்கள். இப்போது 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல்களாக மாற்றிவிட்டோம். நீங்கள் விலைப்பட்டியல் கேட்கும்போதே கீலுக்கு எந்த எஃகு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிங்க் ஒரே தொட்டி, அகலமாக, ஆழமாக. இட்லிக் கொப்பரை படுத்துப் போகும் அளவு. இரட்டைத் தொட்டியில் இரண்டுமே சின்னதாகிவிடுகிறது.

குழாய் வேலை கண்ணுக்குத் தெரியாதது, ஆனால் வீட்டையே மாற்றியது. பழைய வீடுகளில் இருப்பது முலாம் பூசிய இரும்புக் குழாய். உள்ளே துரு ஏறி ஓட்டை சுருங்கிக்கொண்டே போகும். காலையில் முதல் தண்ணீர் பழுப்பாக வரும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சூட்டில் இணைக்கும் பிபிஆர் என்ற பிளாஸ்டிக் குழாய் போட்டோம். இன்றுவரை கசிவு இல்லை, பழுப்புத் தண்ணீரும் இல்லை.

மேல்மாடிக் குளியலறைக்குக் கீழே எங்கள் சாப்பாட்டு மேசை. அதனால் நீர்த்தடுப்பில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய டைல்மேல் புது டைல் ஒட்டினால் செலவும் தூசியும் குறையும் என்று சொன்னார்கள். நாங்கள் காங்கிரீட் தளம்வரை கொத்தி எடுக்கச் சொன்னோம். பழைய டைலுக்கு அடியில் இருக்கும் ஈரத்தை அப்படியே மூடிவிட்டு மேலே எதைப் போட்டும் பயன் இல்லை. நீர்த்தடுப்பை இரண்டு பூச்சு பூசி, சுவரிலும் ஏற்றி, ஷவர் பக்கம் ஆள் உயரத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு வடிகாலை அடைத்து, தண்ணீர் நிரப்பி, 24 மணி நேரம் விட்டோம். கீழே கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் டைல் ஒட்டச் சம்மதித்தோம். இந்த ஒரு நாளை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். வேலையாட்கள் அவசரப்படுவார்கள், அடுத்த வீட்டு வேலை அவர்களுக்குக் காத்திருக்கும்.

குளியலறை ஜன்னலில் இருந்த நாக்கோ கண்ணாடிகளை (சாய்த்துத் திறக்கும் கண்ணாடிப் பட்டைகளை) எடுத்துவிட்டு ஒரே கண்ணாடியாகப் போடலாம் என்ற யோசனை வந்தது. வேண்டாம் என்றோம். பினாங்கு ஈரப்பதத்தில் குளியலறை காய்வதே பெரிய விஷயம். காற்று ஊடாடுவதால் கூரையில் பூஞ்சை பிடிக்கவில்லை. ஷவர் மூலையில் இருக்கும் சிலிக்கான் மட்டும் கறுக்கிறது; அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடுவது அரை நாள் வேலை.

மழை ஷவர் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. தண்ணீர்த் தொட்டி கூரைக்குள் இருக்கிறது. தொட்டிக்கும் ஷவருக்கும் உள்ள ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். மேல்மாடியில் அந்த உயரம் இரண்டு மீட்டர்கூட வராது. அதனால் அகலமான ஷவர் தலையில் தண்ணீர் சொட்டும், கொட்டாது. பம்ப் வேண்டும், அதையும் தொட்டிக்குப் பிறகுதான் பொருத்த வேண்டும், பொதுக்குழாயில் நேராக வைக்கக் கூடாது. நாங்கள் உள்ளேயே பம்ப் உள்ள வாட்டர் ஹீட்டரும் கைஷவரும் வைத்தோம், போதுமானதாக இருக்கிறது.

வாட்டர் ஹீட்டர் 3.6 கிலோவாட். 240 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனி இணைப்பு, 4 சதுர மில்லிமீட்டர் வயர், 10 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச். சாதாரண பிளக் இணைப்புகளுக்கு வைப்பது 30 மில்லி ஆம்பியர். ஈரக் கையோடு தொடும் கருவிக்கு அது போதாது. இந்த வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். மாதம் ஒரு முறை அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்கிறோம். அழுத்தியதும் விழவில்லை என்றால் அன்றே ஆளைக் கூப்பிட வேண்டும்.

கீழ்மாடிக் குளியலறையை அத்தைக்காகவே திட்டமிட்டோம். அப்போது அவருக்குத் தடி தேவைப்படவில்லை; இப்போது தேவைப்படுகிறது. வாசலில் இருந்த படியை எடுத்துவிட்டு, தரையை உள்பக்கம் சாய்த்தோம். கதவு வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே யாராவது விழுந்தால் கதவைத் தள்ளித் திறக்கப் போராட வேண்டியதில்லை. தரைக்கு ஆர்11 தர (வழுக்காத வகை) டைல், சின்ன அளவில். சின்ன டைலில் இடுக்குக் கோடுகள் அதிகம், சோப்பு நுரையிலும் கால் பிடிக்கும். வடிகால் பக்கம் சாய்வு கொடுப்பதும் சுலபம். கைப்பிடிகளைச் செங்கல் சுவரில் ஆழமாகத் துளையிட்டு, போல்ட் போட்டுப் பொருத்தினோம். அறை பெரிதாக இல்லை, அழகாகவும் இல்லை. ஆனால் அத்தை யாரையும் கூப்பிடாமல் தனியாகக் குளித்துவிட்டு வருகிறார். இந்த வீட்டில் நாங்கள் செலவழித்ததில் இதைவிடப் பெறுமானமுள்ளது எதுவும் இல்லை. வயதானவர் இருக்கும் வீடு என்றால் சமையலறையைத் தள்ளிவைத்தாவது இதை முதலில் செய்யுங்கள்.

குழாயை மாற்றும்போதே பின்பக்கம் தரையில் இரண்டாவது தொட்டி ஒன்று வைத்தோம். கூரைத் தொட்டியைப் பெரிதாக்க முதலில் நினைத்திருந்தோம். ஆனால் 1,000 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன் எடை, பழைய மரச்சட்டங்கள்மேல் அதை ஏற்ற மனம் ஒப்பவில்லை. 2024 ஜனவரி 10 முதல் 14 வரை சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றும் வேலைக்காகத் தீவிலும் பெருநிலத்திலும் தண்ணீர் நின்றபோது, அந்தத் தரைத் தொட்டிதான் எங்களுக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் உதவியது.

பண விஷயத்தில் நாங்கள் பிடிவாதமாக இருந்தோம். "சமையலறை மொத்தம் இவ்வளவு" என்று ஒரே வரியில் தந்த விலையை ஏற்கவில்லை. உடைப்பது, குப்பை லோரி, குழாய், வயர், நீர்த்தடுப்பு, டைல் கூலி என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்கினோம். வேலை நடக்க நடக்கப் பணம். கடைசிப் பகுதியை ஒரு மழைக்காலம் போன பிறகு கொடுப்பதாக முதலிலேயே ஒப்பந்தம். சுவரை நகர்த்துவது, பின்பக்கம் நீட்டுவது என்றால் மாநகர் மன்ற அனுமதி வேண்டும். காண்ட்ராக்டர் சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவு உள்ளவரா என்றும் பாருங்கள். டைல் வாங்கும்போது பத்து விழுக்காடு கூடுதலாக, ஒரே தயாரிப்புத் தொகுதியில் வாங்கி, மிச்சப் பெட்டியைப் பத்திரப்படுத்துங்கள். அதே எண் கொண்ட டைல்கூட அடுத்த தொகுதியில் நிறம் மாறி வரும். அம்மிக்குழவி விழுந்து உடைந்த எங்கள் டைலை அந்தப் பெட்டியில் இருந்துதான் மாற்றினோம்.

சுவரை மூடுவதற்கு முன் குழாயும் வயரும் போகும் இடங்களை, அளவு நாடாவை ஒட்டிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் அத்தைக்கு இன்னொரு கைப்பிடி போட வேண்டியிருந்தது. எங்கே துளையிட்டால் குழாயில் படாது என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வேலைக்காரர் பென்சிலால் குறித்தார்.