அஞ்சு கோடை ஓடிய பிறகு: வெயில் ஓட்டத்துக்கு வாங்கியதில் எது உதவியது, எது டிராயரில் கிடக்கிறது

ஐந்து கோடையாக வாரத்துக்கு நான்கு நாள் ஓடுகிறேன். சாதாரண நாளில் 8 முதல் 12 கி.மீ., வாரக் கடைசியில் ஒரு நாள் மட்டும் 16, 18 வரை போகும். வெயிலைச் சமாளிக்கவென்று வாங்கிய சாமான் ஒரு டிராயர் நிறைய இருக்கிறது: தண்ணீர்ப் பை வைத்த வெஸ்ட், இடுப்பு பெல்ட், கைப்பிடி பாட்டில், மூன்று தொப்பி, குளிர்ச்சி தரும் என்று சொல்லி விற்ற கழுத்துத் துணி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் எலெக்ட்ரோலைட் (உப்புச்சத்து) மாத்திரை டப்பாக்கள். வாங்கிய முதல் மாதத்தில் எதைக் கேட்டாலும் அருமை என்றுதான் சொல்லியிருப்பேன். இத்தனை நாள் போட்டு அடித்த பிறகு சொல்வது வேறாக இருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அதிகம் உதவிய இரண்டு பொருளும் வெயிலுக்கென்று விற்கப்படுபவை இல்லை. ஒன்று நெஞ்சில் கட்டும் இதயத்துடிப்பு ஸ்ட்ராப், இன்னொன்று குளியலறையில் கிடக்கும் எடை மெஷின். இரண்டும் உடம்பைக் குளிர வைக்காது. உடம்பு என்ன நிலையில் இருக்கிறது என்பதை, நாம் கேட்க விரும்பாத நேரத்திலும் சொல்லிவிடும், அவ்வளவுதான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் கோடையில் ஒரு நாள் 2 கி.மீ. சுற்றுப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தோம், நானும் என்னைவிட வயதில் இளைய ஒரு தம்பியும். முந்தின இரவு சளிக்கு ஒரு மாத்திரை போட்டிருந்தேன், தூக்கமும் சரியில்லை. ஆனாலும் போட்ட திட்டத்தை விடக்கூடாது என்ற பிடிவாதம். நான்காவது சுற்றில் கை முழுக்க ரோமம் சிலிர்த்து நின்றது. அவ்வளவு வெயிலில் உடம்பு குளிர்கிற மாதிரி இருந்தது, அது எனக்குச் சுகமாகக்கூடப் பட்டது, அப்பாடா காற்று வீசுகிறது என்று நினைத்தேன். காற்றே இல்லை. "அண்ணா, எத்தனாவது சுத்து இது?" என்று அவன் கேட்டான். பதில் வரவில்லை. கேள்வி புரிகிறது, நான்கு என்ற எண்தான் அகப்படவில்லை. "அண்ணா, நில்லுங்க, போதும்" என்று கையைப் பிடித்து நிழலுக்கு இழுத்துப் போனான். படுக்க வைத்துக் காலைத் தூக்கிக் கல்மேல் வைத்தான், இரண்டு பாட்டில் தண்ணீரையும் தலையிலும் மார்பிலும் ஊற்றிவிட்டுச் சட்டையால் விசிறினான். கால் மணி நேரத்தில் தெளிந்தேன். அவன் கூட இல்லாமல் இருந்திருந்தால் ஐந்தாவது சுற்றுக்கும் போயிருப்பேன் என்பதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

பிறகு மருத்துவரிடம் பேசும்போதுதான் மாத்திரை விஷயம் தெரிந்தது. சளிக்கும் அலர்ஜிக்கும் கொடுக்கும் பழைய வகை மாத்திரைகள் சிலவற்றுக்கு வியர்வையைக் குறைக்கும் தன்மை உண்டு. வியர்வை குறைந்தால் சூடு வெளியேற வழியில்லை. ஓடும்போது தசை எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெறும் சூடாகத்தான் மாறுகிறது, அதை வெளியே தள்ளுவதில் பெரும்பங்கு வியர்வை ஆவியாவதுதான். அதனால் இப்போது காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கமில்லாத இரவு, அந்த மாதிரி மாத்திரை, இதில் ஒன்று இருந்தாலும் வெயிலில் ஓட்டம் கிடையாது. ஓட்டத்துக்கு முன்னால் இபுபுரூஃபென் போடுகிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், தண்ணீர் குறைந்த உடம்பில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

சரி, ஸ்ட்ராப்புக்கு வருகிறேன். அதற்கு முன் கையில் கட்டும் வாட்ச்சை மட்டும் நம்பியிருந்தேன். வாட்ச்சின் அடியில் துடிப்பை அளக்கும் பச்சை விளக்கு சில நேரம் துடிப்பை விட்டுவிட்டுக் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். துடிப்பு 150 இருக்கும்போது 172 என்று காட்டும், சில நேரம் நேர்மாறாக 170 இருக்கும்போது 140 காட்டும். பின்னது வெயிலில் ஆபத்து. கை வியர்த்து வாட்ச் வழுக்க ஆரம்பித்தால் இன்னும் மோசம். ஸ்ட்ராப்பில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. கட்டும் முன் அதன் பட்டைகளைத் தண்ணீரில் நனைக்க வேண்டும், இல்லையென்றால் வியர்க்கும் வரை முதல் பத்து நிமிடம் கன்னாபின்னாவென்று எண் காட்டும். ஓடி முடித்ததும் குழாயடியில் அலசிவிட்டு, பட்டன் மாதிரி இருக்கும் சென்சாரைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும். நான் முதல் ஸ்ட்ராப்பை அலசாமலே வைத்திருந்தேன், வியர்வை உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்து எட்டே மாதத்தில் செத்துப்போனது. இரண்டாவதை ஒழுங்காக அலசுகிறேன், மூன்றாவது வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்சார் அதே பழையதுதான், பட்டையை மட்டும் மாற்றினால் போதும். குறை என்றால், கோடையில் நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே உரசிப் புண்ணாக்கும். நீண்ட ஓட்டத்துக்கு முன் அங்கே வாசலின் தடவிக்கொள்கிறேன், அதுவும் துடிப்பை எடுக்கும் பகுதி தோலைத் தொடும் இடத்தை விட்டுவிட்டு ஓரத்தில் மட்டும்.

இதனால் என்ன மாறியது என்றால், கோடை முழுக்க வாட்ச் திரையிலிருந்து வேகத்தையே எடுத்துவிட்டேன். துடிப்பும் ஓடிய நேரமும் மட்டும்தான் தெரியும். சுலப ஓட்டத்துக்கு 148 என் எல்லை. தாண்டினால் நடப்பேன், 135க்கு இறங்கியதும் மறுபடி ஓட்டம். வெயிலில் இரத்தம் தசைக்கும் போக வேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் போக வேண்டும், அதோடு வியர்வையில் நீர் குறைந்துகொண்டே வருகிறது. அதனால் அதே வேகத்துக்கு இதயம் அதிகம் அடிக்கும். குளிர்காலத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 6 நிமிடம் ஓடும் எனக்குக் கோடையில் அதே துடிப்புக்கு 6:50, சில நாள் 7:20 கூட ஆகிறது. முதல் இரண்டு வாரம் இது மனசை வலிக்கச் செய்தது, அப்புறம் பழகிவிட்டது.

உடம்பு பழகுவதையும் ஸ்ட்ராப் காட்டிக்கொடுத்தது. வெயிலுக்கு உடம்பு தயாராக 10 முதல் 14 நாள் ஆகும். முதல் சில நாளிலேயே இரத்தத்தில் நீர்ப்பங்கு கூடும், பிறகு வியர்வை சீக்கிரமே ஆரம்பிக்கும், அதில் போகும் உப்பு குறையும். சென்ற கோடையின் தொடக்கத்தில் ஒரே பாதை, ஒரே வேகம் என்று வைத்துப் பார்த்தேன். முதல் நாள் சராசரி 163, பதின்மூன்றாம் நாள் 151. முதல் நாள் 25 நிமிடத்தில் நிறுத்திக்கொண்டு, தினமும் ஐந்தைந்து நிமிடம்தான் கூட்டினேன். இடையில் சில வாரம் ஓடாமல் இருந்துவிட்டால் இந்தப் பழக்கம் போய்விடும், மறுபடி முதலிலிருந்துதான். பருவத்தின் முதல் சூடான நாளில்தான் ஆட்கள் விழுகிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம்.

இனி எடை மெஷின். ஓடும் முன் சிறுநீர் கழித்துவிட்டு உடை இல்லாமல் ஒரு தடவை, ஓடி வந்து வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி ஒரு தடவை ஏறி நிற்க வேண்டும். குறைந்த எடையோடு ஓடும்போது குடித்த தண்ணீரைக் கூட்டினால் எவ்வளவு வியர்த்தோம் என்று கிடைத்துவிடும், ஒரு கிலோ என்றால் ஏறக்குறைய ஒரு லிட்டர். எனக்கு ஒரு மணி நேர ஓட்டத்தில் 68.4 கிலோ 67.3 ஆனது, இடையில் 400 மி.லி. குடித்திருந்தேன், ஆக வியர்த்தது 1.5 லிட்டர். குளிர்ந்த மாதத்தில் இதே ஓட்டத்துக்கு 700 மி.லி. தான். இது ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும், என்னோடு ஓடும் அந்தத் தம்பிக்கு 900 மி.லி. தாண்டியதே இல்லை. எனவே மணிக்கு இத்தனை குடி என்று அடுத்தவர் சொல்லும் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் எண்ணை நீங்களே எடுங்கள். இழந்ததை முழுக்க ஓடும்போதே நிரப்ப நான் முயல்வதில்லை. எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன், மீதியை வீட்டுக்கு வந்து உணவோடு நிதானமாகக் குடிக்கிறேன்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஓடி வந்தபின் எடை கூடியிருந்தால் அதுதான் பெரிய ஆபத்து. அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், மூளை வீங்கும், உயிரே போகலாம். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மராத்தானில் 488 ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது, அதில் முக்கியமான அறிகுறி ஓட்டத்தின்போது எடை கூடியிருந்ததுதான். எலெக்ட்ரோலைட் மாத்திரை போட்டால் இது வராது என்று நானும் நினைத்திருந்தேன். அந்த மாத்திரை கரைத்த தண்ணீரிலும் சோடியம் இரத்தத்தைவிட மிகக் குறைவு, அதிகமாகக் குடித்தால் அதுவும் நீர்க்கத்தான் செய்யும். மாத்திரையை 90 நிமிடத்துக்கு மேல் போகும் நாளுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

வெஸ்ட் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒன்றரை லிட்டர் பை, முதுகில் மாட்டுவது. தனியாக நீண்ட தூரம் போகிறவர்களுக்கு வேறு வழியில்லை, நல்ல பொருள்தான். ஆனால் முதுகு முழுக்க மூடிவிடுவதால் அந்த இடத்து வியர்வை ஆவியாவதில்லை, ஊறிக்கொண்டே இருக்கும். குழாயில் தங்கும் தண்ணீர் வெயிலில் காய்ந்து முதல் வாய் எப்போதும் சுடும். குடித்து முடித்ததும் குழாய்க்குள் ஊதி, தண்ணீரைத் திரும்பப் பைக்குள் தள்ளிவிட்டால் அந்தத் தொல்லை போய்விடும், இதை நான் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆனது. பையைப் பாதி நிரப்பிப் படுக்கை வாக்கில் ஃப்ரீசரில் வைத்து, கிளம்பும்போது மீதியை நிரப்பினால் ஒரு மணி நேரம் வரை முதுகு ஜில்லென்று இருக்கும். கழுவிக் காயவைப்பதுதான் பெரிய வேலை, இரண்டு நாள் மறந்தால் குழாயில் கறுப்பாகப் பூஞ்சை. இப்போது நான் வீட்டைச் சுற்றி 4 கி.மீ. பாதை போட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் வாசலில் வைத்த பாட்டிலைக் குடித்து, தலையில் ஒரு குவளை ஊற்றிக்கொண்டு போகிறேன். வெஸ்டைக் கடைசியாக வெளியே எடுத்து ஏழெட்டு மாதம் ஆகிறது.

தொப்பியில் வெள்ளை, மெல்லிசு, வலை வைத்தது. நனைத்துப் போடலாம். இடுப்பு பெல்ட் குதிக்கிறது, வேண்டாம். பருத்திச் சட்டை நனைந்து கனத்துத் தொங்கும், தளர்வான மெல்லிய பாலியஸ்டர் அதைவிட மேல். மென்தால் பூசிய கழுத்துத் துணியை மட்டும் வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். அது குளிர்ச்சியை உணர வைக்கும், உடம்புச் சூட்டைக் குறைக்காது. சூடு ஏறுவதே தெரியாமல் ஓட வைக்கும் பொருள் எனக்கு எதற்கு?

செலவே இல்லாமல் கிடைத்த பெரிய உதவி, போனில் வானிலை ஆப்பில் பனிப்புள்ளியைப் பார்க்கக் கற்றுக்கொண்டது. காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை அது, கூடினால் காற்றில் ஈரம் அதிகம் என்று அர்த்தம். காலை 27 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் பனிப்புள்ளி 25 ஆகிவிடும். மாலை 36 டிகிரியில் ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் பனிப்புள்ளி 13 தான். முதலாவதில் வியர்வை ஆவியாகாமல் சொட்டும், சொட்டும் வியர்வையால் எந்தப் பயனும் இல்லை. அதற்காக 36 டிகிரி வெயில் நல்லது என்று சொல்லவில்லை, நேர் வெயிலின் சூடு தனிக் கணக்கு. விடியற்காலை என்றாலே பத்திரம் என்ற எண்ணத்தைத்தான் விடச் சொல்கிறேன். 1950களில் அமெரிக்க மரைன் படை வீரர்களின் பயிற்சி முகாமுக்காக உருவாக்கிய வெப்ப அளவீட்டில் ஈரக் குமிழ் வெப்பநிலைக்கு, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதற்கு, 70 சதவீதப் பங்கு, வெயில் படும் கறுப்பு உருண்டைக்குள் வைத்த வெப்பமானிக்கு 20, வெறும் காற்றின் வெப்பத்துக்கு 10 தான். இன்றும் போட்டி நடத்துபவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். பனிப்புள்ளி 24 தாண்டினால் நான் வேக ஓட்டம் எதுவும் வைப்பதில்லை.

தூரம் குறைவு என்பதால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவில் ஃபால்மவுத் என்ற ஊரில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் ஓட்டம் 11 கி.மீ. சொச்சம்தான். அங்கே 18 ஆண்டுகளில் 274 பேருக்கு ஹீட் ஸ்ட்ரோக் வந்தது. குறைந்த தூரத்தை முழு வேகத்தில் ஓடுவதுதான் சூட்டை ஏற்றுகிறது. அத்தனை பேரும் பிழைத்தார்கள், காரணம் அங்கேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்து வரை இறக்கிவிட்டார்கள். முதலில் குளிர வை, பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்பதுதான் அங்கே முறை. ஆள் குழம்பிப் பேசினால், தள்ளாடினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், வியர்வை ஓடிக்கொண்டிருந்தாலும் அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அது வரும்வரை காத்திருக்காமல், கிடைக்கும் தண்ணீரில் உடம்பு முழுக்க நனையுங்கள். தொட்டி இருந்தால் இறக்குங்கள், தலையை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

முதல் கோடைக்குப் பிறகு நானும் தம்பியும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் மற்றவரின் போன் நம்பரின் கடைசி நான்கு எண்ணைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லிக் கேட்போம். தப்பாகச் சொன்னால் அன்றைய ஓட்டம் முடிந்தது, வாதம் கிடையாது. சென்ற கோடையில் ஒரு நாள் மூன்றாவது சுற்றில் கேட்டேன். இரண்டு எண் சொன்னான், நிறுத்தினான், "இருங்கண்ணா" என்றான், மறுபடி முதல் எண்ணிலிருந்து ஆரம்பித்தான். பக்கத்து மரத்தடியில் உட்கார வைத்து, பாட்டிலில் இருந்ததை அவன் கழுத்தில் ஊற்றினேன். பத்து நிமிடம் கழித்து நான்கு எண்ணையும் சரியாகச் சொல்லிவிட்டு, இன்னும் ஒரு சுற்று போகலாமா என்றான். ஸ்ட்ராப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் நிழல் ஓரமாகவே நடந்து வீட்டுக்கு வந்தோம்.