வெப்பமா, அதிர்வா, ஓயாத தாரையா: இங்க்ஜெட்டின் மூன்று வழிகள்

இங்க்ஜெட் பிரிண்டர்களை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள், நிமிடத்துக்கு எத்தனை பக்கங்கள் என்ற இரண்டு எண்களோடு நின்றுவிடுகிறார்கள். அந்த எண்களுக்கெல்லாம் முன்பே முடிவாகிவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. மைத்துளியை நாசில் என்ற நுண்துளையிலிருந்து வெளியே தள்ளும் விசை எங்கிருந்து வருகிறது என்பதே அது. எந்த மையை ஊற்றலாம், நாசில்கள் அமைந்த ஹெட் எவ்வளவு காலம் உழைக்கும், சில வாரங்கள் சும்மா கிடந்த இயந்திரம் மறுபடி ஒழுங்காக அச்சிடுமா என்பவை எல்லாம் அந்த ஒரு தெரிவிலிருந்து கிளைப்பவை. இதுவரை நிலைத்து நின்ற வழிகள் மூன்று: தொடர் தாரை, வெப்பம், மின்னழுத்தத்தால் வடிவம் மாறும் பீங்கானைக் கொண்டு தள்ளும் பீசோ.

மூன்றில் மூத்தது தொடர் தாரை. மெல்லிய திரவத் தாரை தானாகவே துளிகளாக உடைவது ஏன் என்பதை 1878ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலே பிரபு கணித முறையில் விளக்கிவிட்டார். தாரையின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ நான்கரை மடங்கு நீளமுள்ள அலையே மிக வேகமாக வளர்ந்து தாரையைத் துண்டாக்கும் என்பது அவருடைய முடிவு. 1951இல் சுவீடனின் ரூனே எல்ம்குவிஸ்ட் மைத்தாரையைக் கொண்டு இதயத் துடிப்பு வரைபடம் போன்ற பதிவுகளை எழுதும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஸ்வீட், தாரையை அதிரவைத்துச் சம அளவுத் துளிகளாக உடைத்து, உடையும் அந்தக் கணத்திலேயே ஒவ்வொரு துளிக்கும் தனித்தனி மின்னூட்டம் ஏற்றி, பிறகு மின்புலத்தால் அதைத் திசைதிருப்பும் முறையை உருவாக்கினார். தேவையில்லாத துளிகள் ஒரு குழாய்வாயில் விழுந்து மீண்டும் மைத்தொட்டிக்கே திரும்புகின்றன.

இயந்திரம் ஓடும் வரை நாசிலில் மை நிற்பதே இல்லை. ஆகவே கண் சிமிட்டுவதற்குள் காய்ந்துவிடும் கரைப்பான் மையைக்கூட இதில் தயங்காமல் பயன்படுத்தலாம். துளி கணிசமான தூரம் பறக்கும் என்பதால் வளைந்த பரப்பிலும் எழுத முடிகிறது. பாட்டில்களிலும் பொட்டலங்களிலும் காணும் புள்ளி எழுத்துத் தேதிகளில் பெரும்பகுதி இந்த முறையின் வேலைதான். ஆனால் உருவாகும் துளிகளில் பெரும்பாலானவை அச்சில் விழாமலே சுற்றி வருகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் கரைப்பான் ஆவியாகி மை கெட்டிப்படுவதால் அதன் பாகுநிலையை அளந்து அளந்து ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. மை மின்கடத்தியாகவும் இருந்தாக வேண்டும். 1976இல் ஐபிஎம் தன் 6640 மாதிரியின் வழியாக இந்த முறையை அலுவலகத்துக்குள் கொண்டுவந்து பார்த்தது. என் கணிப்பில், இவ்வளவு குழாய்களும் பம்புகளும் கொண்ட ஓர் அமைப்புக்கு மேசைமேல் இடம் கிடைக்காமல் போனது வியப்பில்லை. அதன் இடம் தொழிற்சாலைதான்.

தேவைப்படும்போது மட்டும் துளியை வெளியேற்றும் மற்ற இரண்டு முறைகளுக்கு இடையில்தான் உண்மையான போட்டி. வெப்ப முறையை 1970களின் பிற்பகுதியில் ஜப்பானில் கேனனும் அமெரிக்காவில் ஹியூலெட் பேக்கார்டும் தனித்தனியே கண்டடைந்தன. கேனன் ஆய்வகத்தில் சூடான சால்டரிங் அயர்ன் ஒன்று மை நிரம்பிய ஊசியில் தற்செயலாகப் பட, ஊசிமுனையிலிருந்து மை பீறிட்டதைப் பார்த்ததே தொடக்கம் என்று சொல்லப்படுகிறது. நாசிலுக்குள் நடப்பது இது: ஒரு நுண்ணிய மின்தடை சில மைக்ரோ விநாடிகளில் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மிக மெல்லிய மைப்படலம் மட்டும் வெடித்தாற்போல் ஆவியாகிறது, அந்தக் குமிழி விரிந்து மேலே உள்ள மையைத் துளியாக வெளியே தள்ளுகிறது, குமிழி ஒடுங்கும்போது காலியான இடத்தைப் புது மை நிரப்புகிறது. அசையும் உறுப்பு என்று எதுவுமே இல்லை. மின்தடையையும் நாசிலையும் சில்லு செய்யும் அதே முறையில் சிலிக்கான் தகட்டின்மேல் நெருக்கமாகவும் மலிவாகவும் அடுக்கிவிடலாம். 1984இல் வந்த ஹியூலெட் பேக்கார்டின் திங்க்ஜெட் இந்த மலிவையே பயன்படுத்திக்கொண்டு, ஹெட்டையும் மைக் கார்ட்ரிட்ஜையும் ஒன்றாக்கி, மை தீர்ந்ததும் இரண்டையும் சேர்த்துத் தூக்கிப்போடச் செய்தது.

விலை கொடுக்க வேண்டிய இடம் மை. கொதித்துக் குமிழி விட வேண்டும் என்பதால் அதில் பெரும்பங்கு நீராகவே இருந்தாக வேண்டும்; சூட்டில் சிதையும் பொருள்கள் மின்தடையின்மேல் கரிப்படலமாகப் படிந்து குமிழியைப் பலவீனப்படுத்தும். ஒடுங்கும் குமிழியின் அடியும் ஒவ்வொரு முறையும் அதே பரப்பில்தான் விழுகிறது. இருந்தாலும், சூடு மை முழுவதையும் வேகவைத்துவிடும் என்ற பரவலான எண்ணம் சரியல்ல. 2000களில் அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் போலண்டின் குழு, மாற்றியமைத்த வெப்ப முறை பிரிண்டரால் உயிருள்ள செல்களையே அச்சிட்டுக் காட்டியது. பெரும்பாலான செல்கள் பிழைத்தன.

பீசோ முறையில் கொதிப்பே கிடையாது. மின்னழுத்தம் கொடுத்தால் வடிவம் மாறும் பீங்கான், மை அறையின் சுவரை ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவாகவே அசைக்கிறது. அந்த அசைவின் அழுத்த அலையே துளியைத் தள்ளப் போதுமானது. ஸோல்டான், ஸ்டெம்மே, கைசர், சியர்ஸ் ஆகியோரின் காப்புரிமைகள் 1970களிலேயே வந்துவிட்டபோதிலும், பீசோ உறுப்பு இடத்தை அடைத்துக்கொண்டதால் நாசில்களை நெருக்கமாக வைக்க முடியாமல் இந்த முறை பின்தங்கியது. 1993இல் எப்சன் பல அடுக்குப் பீசோ ஹெட்டுடன் ஸ்டைலஸ் 800 பிரிண்டரை வெளியிட்டபோதுதான் போட்டி சமநிலைக்கு வந்தது.

பீசோவின் தனிச்சிறப்பு, சுவரை முதலில் பின்னுக்கு இழுத்து, மையின் விளிம்பை உள்வாங்கச் செய்து, பிறகு தள்ள முடிவது. மின்னலையின் வடிவத்தை மாற்றினாலே ஒரே நாசிலிலிருந்து சிறிய, நடுத்தர, பெரிய துளிகள் வரும். வெப்ப முறையில் குமிழி ஏறக்குறைய ஒரே அளவில்தான் வெடிக்கும் என்பதால், கேனனின் சில புகைப்பட மாதிரிகளில் 1, 2, 5 பிக்கோலிட்டர் (ஒரு லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) துளிகளுக்குத் தனித்தனி நாசில்களையே வைக்க நேர்ந்தது. துளியின் கொள்ளளவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் விட்டம் பாதியைவிடச் சற்றே கீழே மட்டும் இறங்கும். 10 பிக்கோலிட்டர் துளியின் விட்டம் சுமார் 27 மைக்ரான், 1 பிக்கோலிட்டர் துளியினுடையது சுமார் 12. ஆகவே விளம்பரங்கள் பறைசாற்றும் பிக்கோலிட்டர் வீழ்ச்சியைக் கொஞ்சம் தள்ளி நின்று படிப்பதே நல்லது.

மையைப் பொறுத்தவரை பீசோவின் கை தெளிவாகவே ஓங்கியிருக்கிறது. கரைப்பான் மை, புற ஊதா ஒளியில் இறுகும் மை, உருக்கிய மெழுகு, தரை ஓட்டின்மேல் சுடப்படும் பீங்கான் நிறமி எனப் பாகுநிலை வரம்புக்குள் அடங்கும் எதையும் அது தள்ளும். இதற்கு வெப்ப முறைக்காரர்கள் ஹெட்டை விட்டுவிட்டு வேதியியலில் விடை தேடினார்கள். 2008இல் ஹியூலெட் பேக்கார்டு கொண்டுவந்த லேட்டக்ஸ் மை, நீரில் மிதக்கும் பாலிமர்த் துகள்களை அச்சிட்ட பின் சூடாக்கிப் படலமாக்குவதால், விளம்பரப் பலகைச் சந்தையிலும் வெப்ப ஹெட் நுழைய முடிந்தது. இந்தத் துறையில் மிகச் சாமர்த்தியமான கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பீசோவுக்குப் பெரும் பகை காற்று. மை அறைக்குள் ஒரு சிறு காற்றுக்குமிழி புகுந்தாலும் அழுத்தம் முழுவதையும் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். துளி வெளியே வராது. நாசில்களைக் கோடுகளாக அச்சிட்டுச் சோதிக்கும் நாசில் செக்கைப் பார்த்தால் இது புலப்படும். ஒவ்வொரு ஹெட் கிளீனிங்குக்குப் பிறகும் விடுபட்ட கோடுகள் இடம் மாறினால் காரணம் பெரும்பாலும் காற்று. அப்போது கிளீனிங்கை மேலும் மேலும் ஓட்டி மையை வீணாக்குவதைவிட இயந்திரத்தைப் பல மணி நேரம் சும்மா விடுவதே பலன் தரும். அதே கோடு அதே இடத்தில் தொடர்ந்து விடுபட்டால் மை காய்ந்து அடைத்திருக்கக்கூடும். பீசோ ஹெட் பொதுவாக இயந்திரத்தோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருப்பதால் இந்த அடைப்பு செலவு வைக்கும். ஹெட்டோடு கூடிய கார்ட்ரிட்ஜில் புதியதை மாட்டியதும் விஷயம் முடிந்துவிடும். மாதக்கணக்கில் தொடாமல் வைத்து எப்போதாவது இரண்டு பக்கம் அச்சிடுகிறவருக்கு, ஒரு பக்கத்துக்கான மைச் செலவு அதிகமானாலும் வெப்ப முறைக் கார்ட்ரிட்ஜே பொருத்தம். தினமும் அச்சிடுகிறவர், மையைத் தொட்டியில் ஊற்றி நிரப்பும் டேங்க் மாதிரியை எடுக்கலாம். ஆனால் டேங்க் என்றாலே பீசோ என்று எண்ணிவிடக் கூடாது. எப்சனின் டேங்க் மாதிரிகள் பீசோவில் ஓட, கேனனும் ஹியூலெட் பேக்கார்டும் தம் டேங்க் மாதிரிகளில் மாற்றத்தக்க வெப்ப ஹெட்டையே வைக்கின்றன.

வேகத்தில் வெப்ப முறையின் பிடி நீண்ட காலம் தளரவில்லை. 2013இல் வந்த ஹியூலெட் பேக்கார்டின் ஆபிஸ்ஜெட் புரோ எக்ஸ் வரிசையில் 42,240 நாசில்கள் தாளின் அகலம் முழுவதும் அசையாமல் நிற்க, தாள் மட்டும் அடியில் ஓடியது. அதே ஆண்டில் எப்சன் அறிவித்த பிரிசிஷன்கோர், பீசோவை மெல்லிய படலமாக்கிச் சிலிக்கான் சில்லுகளில் அடுக்கியதால், நாசில் நெருக்கத்தில் வெப்ப முறைக்கு இருந்த பழைய முன்னிலை குறையத் தொடங்கியது. கொதிக்கும் மை மட்டுமே வேண்டும் என்ற வெப்ப முறையின் வரம்பு இயற்பியலிலேயே வேரூன்றியது. அதை எந்தச் சில்லுத் தொழிற்சாலையாலும் தளர்த்த முடியவில்லை.