ஹங்கேரியின் ஓட்டுரிமையை நிறுத்துவதா, பணத்தை நிறுத்துவதா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேருகிற வரைக்கும்தான் கெடுபிடியெல்லாம். நீதிமன்றம் சுதந்திரமாக இருக்கிறதா, பத்திரிகைகள் பயமில்லாமல் எழுதுகின்றனவா என்று துருவித் துருவிப் பார்ப்பார்கள். உள்ளே வந்த பிறகு ஒரு அரசு இவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டால் என்ன செய்வது? வெளியே தள்ள ஒப்பந்தத்தில் வழி கிடையாது. 2004-ல் ஒன்றாகச் சேர்ந்த ஹங்கேரியும் போலந்தும் இந்தக் கேள்வியைக் கிளப்பின. ஹங்கேரியில் 2010-ல் ஆட்சிக்கு வந்த பிரதமர் ஓர்பான் அரசியல் சட்டத்தையே புதிதாக எழுதினார். போலந்தில் 2015-ல் ஆட்சிக்கு வந்த ‘சட்டம் மற்றும் நீதி’ என்ற கட்சி நீதிமன்றங்களில் கை வைத்தது.

ஒன்றியத்தின் கையில் இருந்த முதல் ஆயுதம் ஒப்பந்தத்தின் 7-வது பிரிவு. தப்பு செய்கிற நாட்டின் ஓட்டுரிமையையே நிறுத்திவைக்கலாம். கேட்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் அதற்கு மற்ற எல்லா நாட்டுத் தலைவர்களும் ஒருமனதாக ‘ஆம்’ சொல்ல வேண்டும். போலந்து மீது 2017 டிசம்பரிலும் ஹங்கேரி மீது 2018 செப்டம்பரிலும் நடவடிக்கை தொடங்கியது. நீ எனக்கு, நான் உனக்கு என்று இரண்டும் கைகோத்துக்கொண்டன, அவ்வளவுதான். போலந்தில் ஆட்சி மாறியதும் ஸ்லோவாக்கியாவின் பிரதமர் ஃபிட்சோ அந்த இடத்துக்கு வந்து, ஹங்கேரியின் ஓட்டைப் பறிக்க விடமாட்டேன் என்றார். இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

அப்புறம் வந்தது பணம். சட்டத்தின் ஆட்சி கெட்டு, அதனால் ஒன்றியத்தின் நிதிக்கு ஆபத்து என்றால் நிதியை நிறுத்தலாம் என்ற விதி 2021 ஜனவரியில் அமலானது. இதற்கு ஒருமனதான முடிவு தேவையில்லை, குறிப்பிட்ட பெரும்பான்மை போதும். 2022 டிசம்பரில் ஹங்கேரிக்கு 630 கோடி யூரோ நின்றது. இது வலித்தது. ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் எத்தனை கண்டனத் தீர்மானம் போட்டாலும் அசையாத ஓர்பான் அரசு, நீதித்துறைச் சட்டங்களில் சில திருத்தங்கள் செய்தது.

ஆனால் பணத்தை வைத்துப் பேசினால் பேரமும் கூடவே வந்துவிடும். 2023 டிசம்பர் 13 அன்று, ஒன்றியத்தின் நிர்வாகத்தை நடத்தும் ஐரோப்பிய ஆணையம், வேறொரு கணக்கில் முடக்கி வைத்திருந்த சுமார் 1,020 கோடி யூரோவை ஹங்கேரிக்கு விடுவித்தது. மறுநாள் பிரஸ்ஸல்ஸ் உச்சி மாநாடு. உக்ரைனை ஒன்றியத்தில் சேர்க்கும் பேச்சு தொடங்குவதை ஓர்பான் எதிர்த்துக்கொண்டிருந்தார். அதற்கும் ஒருமனதான முடிவு தேவை. முடிவெடுக்கும் நேரத்தில் அறையை விட்டு வெளியே போய்விட்டார். மற்ற 26 நாட்டுத் தலைவர்களும் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். காபி குடித்துவிட்டு வாருங்கள் என்று அந்த யோசனையைச் சொன்னது ஜெர்மனியின் அப்போதைய சான்ஸலர் ஷோல்ஸ் என்று செய்தி வந்தது. விலை உயர்ந்த காபிதான்! சட்டத்தின் ஆட்சிக்காக நிறுத்திய பணம் ஒரு ஓட்டுக்கு விலையானதா என்று ஐரோப்பியப் பாராளுமன்றமே ஆணையத்தின் மீது வழக்குப் போட்டது.

எனக்கு இதைவிட உறுத்துவது இன்னொன்று. ஹங்கேரியின் பல்கலைக்கழகங்களை ஓர்பான் அரசு அறக்கட்டளைகளுக்கு மாற்றி, நிர்வாகக் குழுக்களில் வேண்டப்பட்டவர்களை உட்கார வைத்தது. பதிலுக்கு அந்த அறக்கட்டளைகளோடு புதிய ஒப்பந்தம் கூடாது என்று ஒன்றியம் தடுத்தது. இருபது சொச்சம் பல்கலைக்கழகங்களுக்கு எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் கதவு மூடிக்கொண்டது. அதாவது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு செமஸ்டர் லிஸ்பனிலோ போலோன்யாவிலோ படித்துவிட்டு ‘நானும் ஐரோப்பியன்’ என்று ஊர் திரும்பியிருக்க வேண்டிய பிள்ளைகள்தான் அடிபட்டார்கள். ‘பிரஸ்ஸல்ஸ் நம்மைத் தண்டிக்கிறது’ என்று சொல்ல அரசுக்கும் வசதியாகப் போயிற்று. 2023 நவம்பரில் தெருவெல்லாம் ஆணையத் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லயனின் படம் போட்ட விளம்பரப் பலகைகள்: அவர்கள் ஊதுகிற ஊதலுக்கு ஆடாதீர்கள்!

போலந்தில் 7-வது பிரிவு, பண முடக்கம் இரண்டையும் முயன்று பார்த்தார்கள். ஐரோப்பிய நீதிமன்றத்தின் உத்தரவை மீறியதற்கு நாளொன்றுக்கு 10 லட்சம் யூரோ அபராதம்கூட விழுந்தது. போலந்து கட்டவில்லை, அதற்குச் சேர வேண்டிய நிதியிலிருந்து கழித்துக்கொண்டார்கள். ஆட்சியை மாற்றியது 2023 அக்டோபர் 15 தேர்தல். 74 சதவீதத்துக்கும் மேல் வாக்குப்பதிவு, கம்யூனிஸ்ட் ஆட்சி முடிவுக்கு வந்த 1989 தேர்தலையே மிஞ்சியது. விரோட்ஸ்வாஃப் நகரின் யகோட்னோ பகுதியில் ராத்திரி ஒன்பது மணிக்குள் வரிசைக்கு வந்தவர்கள் விடியற்காலை சுமார் மூன்று மணி வரை நின்று ஓட்டுப் போட்டார்கள். குளிரில் நின்றவர்களுக்கு அக்கம்பக்கத்தார் பீட்சாவும் சூடாகக் குடிக்கவும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

முடங்கிய பணம் அந்த வரிசையை நீளமாக்கியிருக்கலாம். அந்தத் தேர்தலுக்குப் பிறகு பிரதமரான டஸ்க்கின் கட்சி அதைப் பிரச்சாரத்தில் பேசியது. ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமென்றால் நான் பணத்தையே எடுப்பேன், மாணவர்கள் மீது மட்டும் கை வைக்காமல். ஆனால் அங்கேயும் ஒரு நெருடல் உண்டு. டஸ்க் பிரதமரான இரண்டரை மாதத்தில், 2024 பிப்ரவரியில், 13,700 கோடி யூரோ வரை போலந்துக்குத் திறந்துவிடப்பட்டது. மே மாதம் 7-வது பிரிவு நடவடிக்கையையும் முடித்துக்கொண்டார்கள். நீதிமன்றங்களைச் சீர்செய்யும் சட்டங்கள் அப்போது ஜனாதிபதி துடாவின் கையெழுத்தைத் தாண்டவில்லை. 2025-ல் அவர் இடத்துக்கு வந்த நவ்ரோட்ஸ்கியும் பழைய ஆளுங்கட்சி ஆதரித்த வேட்பாளர்தான்.