கிறிஸ்துமஸ் ஷ்டோலன்: ஈஸ்ட்டா, குவார்க்கா?

உலர்பழங்கள் சேர்த்துச் செய்யும் இனிப்பு ரொட்டியான கிறிஸ்துமஸ் ஷ்டோலனை ஜெர்மானிய வீடுகளில் சுடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஈஸ்ட் சேர்த்து மாவைப் பொங்கவைத்து, சுட்ட பின் வாரக்கணக்கில் காத்திருப்பது பழைய வழி. குவார்க் என்னும் மென்மையான பாற்கட்டியும் பேக்கிங் பவுடரும் சேர்த்து ஒரே பிற்பகலில் முடிப்பது மற்றொன்று. இரண்டுமே துணியில் பொதிந்த குழந்தை இயேசுவை நினைவூட்டும் வெண்மையான வடிவில்தான் இருக்கும். வாயில் இட்டால்தான் வேறுபாடு தெரியும்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் புகழ்பெற்றது ஈஸ்ட் ஷ்டோலனால்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் கால நோன்பில் வெண்ணெய் விலக்கப்பட்டிருந்ததால், அது முதலில் மாவும் நீரும் எண்ணெயும் சேர்ந்த வறட்டு ரொட்டியாகவே இருந்தது. 1491இல் போப்பாண்டவர் எட்டாம் இன்னொசென்ட் விடுத்த ‘வெண்ணெய் மடல்’ அந்தத் தடையைத் தளர்த்தியது. இன்றோ டிரெஸ்டன் ஷ்டோலன் என்ற பெயருக்கு உரியதாக வேண்டுமானால், 100 பங்கு மாவுக்குக் குறைந்தது 50 பங்கு வெண்ணெயும் 65 பங்கு உலர்திராட்சையும் சேர்க்க வேண்டும். பாதாமும், பாகில் ஊறிய ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலும் தனி.

இவ்வளவு கொழுப்பும் இனிப்பும் சேர்ந்தால் ஈஸ்ட் மந்தமாகிவிடும் என்பதே இந்த வழியின் உண்மையான சிக்கல். அதனால்தான் மாவில் ஒரு பகுதியை மட்டும் வெதுவெதுப்பான பாலிலும் ஈஸ்ட்டிலும் முதலில் கரைத்து வைத்து, அது குமிழியிட்டு எழும்பிய பிறகே வெண்ணெயைச் சேர்த்துப் பிசைகிறார்கள். இரவு முழுவதும் ரம்மில் ஊறிய திராட்சையைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும்; முந்திச் சேர்த்தால் அது நசுங்கி மாவின் நிறத்தையே கெடுத்துவிடும். அடுப்பில் வைக்கும் முன் மேற்பரப்பில் துருத்திக்கொண்டிருக்கும் திராட்சைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துவிடுவதும் அவசியம்; அவை கருகினால் அந்தக் கசப்பு துண்டு முழுவதும் பரவும். சுட்டதும் சூட்டோடு உருக்கிய வெண்ணெயைத் தடவி, சர்க்கரையும் அதன்மேல் பொடித்த சர்க்கரையும் தூவி, குளிர்ந்த இடத்தில் இரண்டு முதல் நான்கு வாரம் வைத்திருந்தால், பழத்தின் ஈரமும் ரம்மின் மணமும் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும்.

குவார்க் ஷ்டோலனுக்கு இந்தப் பொறுமை வேண்டியதில்லை. ஜெர்மனியின் உணவு நெறிமுறைப்படி 100 பங்கு மாவுக்குக் குறைந்தது 40 பங்கு குவார்க்கும் 20 பங்கு வெண்ணெயும் போதும். ஈரத்தை குவார்க்கே தந்துவிடுவதால் மறுநாளே மிருதுவாக இருக்கும். ஆனால் நெடுநாள் தாங்காது. ஒரு வாரத்துக்குள் உண்டுவிடுவது நல்லது. ஈஸ்ட் தரும் ஆழ்ந்த மணமும் இதில் இல்லை, கேக்கின் சாயலே மிகுதி.

நவம்பர் இறுதிக்குள் மாவு பிசைய முடிந்தவர்கள் தயங்காமல் ஈஸ்ட்டையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. டிசம்பர் பாதி கடந்துவிட்டதென்றால், முதிராத ஈஸ்ட் ஷ்டோலனைவிட நன்கு செய்த குவார்க் ஷ்டோலனே மேல். எதைச் சுட்டாலும் ஓரத்திலிருந்து வெட்டத் தொடங்காதீர்கள். நடுவில் வெட்டித் துண்டுகளை எடுத்த பின், மீந்த இரு பாதிகளையும் நெருக்கிச் சேர்த்து வைத்தால் வெட்டுமுகம் காயாது.